277 பேர் போனார்கள், 14 பேர் திரும்பவில்லை: வேலூர் லாங் பஜார் கல்வெட்டு, ஒரு நிகழ்வு ஆய்வு

வேலூர் லாங் பஜாரில் நிற்கும் மணிக்கூண்டில் ஆங்கிலத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அது சொல்வது இவ்வளவுதான்: இந்தக் கிராமத்திலிருந்து 277 பேர் 1914-18 பெரும்போருக்கு (முதல் உலகப்போருக்கு)ச் சென்றார்கள், அவர்களில் 14 பேர் தம் உயிரைக் கொடுத்தார்கள். ஒரு பெயரும் இல்லை. எந்தப் படை, எந்த நாட்டில் இறந்தார்கள், வயது என்ன, அப்பா பெயர் என்ன, எந்தத் தெருக்காரர்கள் என்று ஒன்றும் இல்லை.

காய்கறி, மளிகை, ஜவுளி என்று நெரிசல் குறையாத தெரு அது. கல்வெட்டைப் படிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்த இரண்டு வாக்கியங்களுக்குப் பின்னால் இருப்பவர்களைத் தேடத் தொடங்கினால் வேலூர்க் கோட்டை, செங்கம் பக்கத்துக் கிராமங்கள், இராக்கின் பஸ்ரா, சென்னை நந்தம்பாக்கம் என்று வழி நீண்டுகொண்டே போகும். உள்ளூர் வரலாற்றைக் கற்க நினைக்கும் ஒருவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது என்பது என் எண்ணம். அதனால்தான் இந்த ஒரு கல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, அதிலிருந்து எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்க்கிறேன்.

கல் என்ன சொல்கிறது

முதலில் நாம் கவனிக்க வேண்டியது கல்லின் வாசகம். இதே அமைப்பில் எழுதப்பட்ட கற்கள் தமிழ்நாட்டின் வேறு ஊர்களிலும் இந்தியாவின் பல பகுதிகளிலும் இருக்கின்றன. ‘இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள்’ என்பதே எல்லாவற்றிலும் உள்ள வாசகம். அந்த இரண்டு எண்கள்தான் மாறும். சில கற்களில் ஆண்டு 1914-1919 என்று இருக்கும். சண்டை நின்றது 1918 நவம்பர் 11. வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தானது 1919 ஜூன் 28. எதைப் போரின் முடிவாகக் கொண்டார்கள் என்பதைப் பொறுத்து ஆண்டு மாறுகிறது. வேலூர்க் கல்லில் 1914-18.

அச்சடித்த படிவத்தைப் போல ஒரே வாசகம் ஊர் ஊராக வருகிறது என்றால், அந்த ஊர்க்காரர்கள் உட்கார்ந்து பேசி எழுதிய வாசகமாக அது இருக்க முடியாது. மேலிருந்து வந்த வாசகம் அது. வேலூர் 1866-லேயே நகராட்சியாகிவிட்டது. 1911-ல் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரமும் ஆகிவிட்டது. இருந்தும் கல் அதைக் ‘கிராமம்’ என்கிறது. இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் தேடுகிறவருக்கு இது முக்கியம்: 277 என்பது நகராட்சி எல்லைக்குள் இருந்தவர்களின் கணக்கா, வருவாய்த் துறையின் கிராமக் கணக்கா என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் தேட வேண்டும். சத்துவாச்சாரி, காட்பாடி, சேண்பாக்கம் போன்ற பக்கத்து ஊர்க்காரர்கள் இந்த எண்ணுக்குள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அவர்களைத் தொடக்கத்திலேயே கழித்துவிடக் கூடாது.

அப்புறம் அந்த எண்கள். 277-ல் 14 என்றால் நூற்றுக்கு 5 பேர். போர்க்காலத்தில் இந்தியா முழுவதும் சேர்க்கப்பட்டவர்கள், படைவீரர்களும் சண்டையிடாமல் பிற வேலைகளைச் செய்த ஏவலர்களும் சேர்ந்து, சுமார் 14.4 லட்சம். இறந்தவர்கள் சுமார் 74 ஆயிரம். அதுவும் நூற்றுக்கு 5 பேர்தான். போருக்கு முன்பே படையில் இருந்தவர்களையும் கூட்டினால் விகிதம் இன்னும் சற்றுக் குறையும். ஆக, வேலூரின் எண் நம்பத்தக்கதாகவே இருக்கிறது. யாரோ ஒருவர் ஆட்களைக் கணக்கெடுத்திருக்கிறார். கணக்கெடுக்கும்போது கையில் ஒரு பட்டியல் இல்லாமல் 277 என்று முடிக்க முடியாது. 280 என்றோ 300 என்றோ போடாமல் 277 என்று எழுதியவர், அந்த 277 பெயர்களையும் ஒரு தாளில் பார்த்திருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். கல்லில் ஏறாத பெயர்கள் காகிதத்தில் இருந்தன. இந்த ஆய்வு முழுவதும் அந்த ஒரு நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது.

போனவர்கள் யார்

1914-க்கு முன் மதராஸ் படைக்கு மதிப்புக் குறைந்திருந்தது. ‘போர்க்குலங்கள்’ என்று சிலரை மட்டும் பொறுக்கியெடுத்து, பஞ்சாபிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் ஆள் சேர்ப்பதே பிரிட்டிஷ் அதிகாரிகளின் வழக்கமாகியிருந்தது. தென்னிந்தியக் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. நற்பெயர் குறையாமல் நின்றது மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியியல் படை. பாலம் கட்டுவது, பாதை போடுவது, பதுங்குகுழி வெட்டுவது, வெடி வைப்பது அவர்கள் வேலை. பறையர் சமூகத்தினரும் கிறிஸ்தவர்களும் அந்தப் படையில் நெடுங்காலம் கணிசமாக இருந்தார்கள். வேலூர்ப் பக்கத்தில் குடும்ப நினைவுகளைத் தேடுகிறவர்கள் அதனால் பழைய தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளை விட்டுவிடக் கூடாது. ஒரு திருமணப் பதிவில் மாப்பிள்ளையின் தொழில் ‘சாப்பர்’ என்று இருந்தால், அந்த ஒரு சொல்லே பாதி வேலையை முடித்துவிடும்.

போர் நீண்டதும் ஆள் போதவில்லை. பழைய ஒதுக்கல் தளர்ந்தது. மதராஸ் மாகாணத்திலிருந்து ஐம்பதாயிரத்துக்குச் சற்று மேற்பட்டவர்கள் படைவீரர்களாகவும், நாற்பதாயிரத்துக்குச் சற்று மேற்பட்டவர்கள் ஏவலர்களாகவும் போனார்கள். இந்த இரண்டாவது எண்ணைப் பலரும் கவனிப்பதில்லை. ஏவலர் என்றால் கோவேறு கழுதை ஓட்டியவர், டூலி தூக்கியவர், தண்ணீர் சுமந்தவர், சமைத்தவர், சலவை செய்தவர், கழிவு அகற்றியவர், தண்டவாளம் போட்டவர். மாகாணத்தின் விகிதமே வேலூருக்கும் பொருந்தினால், 277 பேரில் நூறு பேருக்கு மேல் துப்பாக்கியே தொடாதவர்களாக இருந்திருக்கலாம். ‘போருக்குச் சென்றார்கள்’ என்று படிக்கும்போது நம் மனத்தில் வரும் படத்தை இது மாற்றிவிடுகிறது.

எங்கே போனார்கள் என்று கேட்டால் மெசபடோமியாவை, அதாவது இன்றைய இராக்கைத்தான் முதலில் சொல்ல வேண்டும். இந்தியாவிலிருந்து அதிகம் பேர் போன போர்முனை அதுதான். அங்கே குண்டுக்கு இரையானவர்களோடு வெயிலுக்கும் காலராவுக்கும் வயிற்றுக்கடுப்புக்கும் இரையானவர்களும் ஏராளம். கிழக்கு ஆப்பிரிக்கா இன்னொன்று. 1914 நவம்பர் தொடக்கத்தில், இன்றைய தான்சானியாவின் தாங்கா துறைமுகத்தில் இறக்கப்பட்ட படையில் 63-வது பாளையங்கோட்டை இலகு காலாட்படையும் 61-வது பயனியர் படையும் இருந்தன. பெயரிலேயே நம் ஊரைத் தாங்கிய படை அது. நீண்ட கப்பல் பயணம் முடிந்து இறங்கியதும் இறங்காததுமாக இயந்திரத் துப்பாக்கிகளுக்கு முன் நிறுத்தப்பட்டு, சில நாட்களிலேயே தோற்றுக் கப்பலேறித் திரும்பினார்கள்.

தமிழ்நாட்டில் முதல் உலகப்போர் என்றால் எம்டன்தான் நினைவுக்கு வருகிறது. 1914 செப்டம்பர் 22 இரவில் அந்த ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு போட்டது. உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் அதற்கு நினைவுக் கல்வெட்டும் உண்டு. ஒரே இரவில் நடந்த அந்தச் சம்பவம் நூறு ஆண்டுக்கு மேல் மக்கள் பேச்சில் நிற்கிறது. அந்த நான்கு ஆண்டுகளில் போருக்குப் போன தொண்ணூறாயிரம் பேர் பேச்சில் இல்லை. சென்னைக்காரர்கள் கண்ணால் பார்த்தது எம்டனை. மெசபடோமியாவை வேலூரில் யாரும் பார்க்கவில்லை. திரும்பி வந்தவர்கள் சொன்னது அவரவர் வீட்டுத் திண்ணையோடு நின்றுவிட்டது.

கோட்டைக்குள் இன்னொரு கணக்கு

லாங் பஜாரிலிருந்து கோட்டைக்கு நடந்தே போய்விடலாம். மணிக்கூண்டைப் படித்துவிட்டுக் கோட்டைக்குப் போவதில் ஒரு பயன் இருக்கிறது. யாருடைய பெயர் கல்லில் ஏறும், யாருடையது ஏறாது என்ற கேள்வி வேலூரில் 1914-ல் தொடங்கியது அல்ல. அதற்கு நூறு ஆண்டுகள் முன்பே அது இங்கே இருந்தது.

1805 நவம்பரில் மதராஸ் படைக்கு ஒரு புதிய உடை ஒழுங்கு வந்தது. நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, பழைய தலைப்பாகைக்குப் பதிலாகத் தோல் பட்டை வைத்த புதிய தலைப்பாகை அணிய வேண்டும் என்றார்கள். இந்துச் சிப்பாய்களும் முஸ்லிம் சிப்பாய்களும் சேர்ந்தே கொதித்தார்கள். அதே கோட்டையில் திப்பு சுல்தானின் பிள்ளைகள் 1799-லிருந்து காவலில் இருந்தார்கள். 1806 ஜூலை 9 அன்று திப்புவின் மகள் ஒருவருக்குத் திருமணம் நடந்தது. மறுநாள், ஜூலை 10, விடியும் முன் சிப்பாய்கள் எழுந்தார்கள். 69-வது பிரிட்டிஷ் காலாட்படையினர் தங்கியிருந்த கட்டடங்களைச் சுட்டார்கள், தம் அதிகாரிகளைக் கொன்றார்கள், மைசூர்க் கொடியை ஏற்றினார்கள். ஆற்காட்டிலிருந்து கர்னல் கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்ததும் நிலைமை தலைகீழானது. சுமார் நூறு சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். அன்று மொத்தம் ஏறத்தாழ 350 சிப்பாய்கள் இறந்தார்கள். பின்னர் நடந்த விசாரணையில் ஆறு பேர் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டார்கள், ஐந்து பேர் சுடப்பட்டார்கள், எட்டுப் பேர் தூக்கிலிடப்பட்டார்கள்.

இப்போது கற்களைப் பாருங்கள். கோட்டைக்கு அருகிலுள்ள பழைய ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்தில், அன்று இறந்த 69-வது படையினருக்குச் சமாதி இருக்கிறது. சுவரோரம் சுடப்பட்டவர்களுக்கு அந்தக் காலத்துக் கல் எதுவும் இல்லை. அதோடும் நிற்கவில்லை. கிளர்ச்சியில் ஈடுபட்ட மூன்று மதராஸ் படைப்பிரிவுகளும் (1-வது படையின் இரண்டு, 23-வது படையின் ஒன்று) கலைக்கப்பட்டு, அவற்றின் எண்களே படைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. 1-வது, 23-வது என்ற அந்தப் படை எண்களை இன்று ஆவணத்தில் தேடுபவர் ஓர் இடத்தில் வெட்டியெடுத்ததைப் போன்ற இடைவெளியைச் சந்திப்பார். ஆளை மட்டும் அல்ல, அவன் எந்தப் படையில் இருந்தான் என்ற அடையாளத்தையும் சேர்த்தே அழித்தார்கள். மக்கான் சந்திப்பில் இன்று நிற்கும் சிப்பாய்ப் புரட்சி நினைவுத்தூண் சுதந்திரத்துக்குப் பின், இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்தது. 2006-ல் இருநூறாம் ஆண்டையொட்டி அஞ்சல்தலையும் வந்தது.

அந்தச் சிப்பாய்களில் சிலர் பெயர் நமக்கு எப்படித் தெரியும்? விசாரணைக் குறிப்புகளால் தெரியும். ஜமேதார் ஷேக் காசிம் பெயர் இருக்கிறது, குற்றவாளி என்ற தலைப்பின் கீழ். முஸ்தபா பேக் என்ற சிப்பாயின் பெயர் இருக்கிறது, சதியை முன்கூட்டியே அதிகாரிகளிடம் சொன்னவர் என்பதால். அவர் சொன்னதை நம்பாமல், பைத்தியம் என்று அடைத்துவைத்தார்கள். கிளர்ச்சிக்குப் பின் 2,000 வராகன் வெகுமதி கொடுத்தார்கள். தண்டனையும் வெகுமதியும் பெயரைக் காப்பாற்றியிருக்கின்றன. எந்தப் பக்கமும் பெரிதாகப் பேசப்படாமல் சுவரோரம் செத்தவனின் பெயர்தான் காணாமல் போனது. ஆவணத்தைப் படிக்கும் எவரும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இந்தப் பெயரை எதற்காக எழுதிவைத்தார்கள்?

கோட்டைக்குள் இருக்கும் மற்ற கட்டடங்களும் இதே கேள்வியோடு பார்க்கத்தக்கவை. ஜலகண்டேசுவரர் கோயில் பல நூற்றாண்டுகள் வழிபாடு இல்லாமல் கிடந்தது. 1981-ல்தான் மூலவர் மீண்டும் உள்ளே வந்தார். 1846-ல் எழுந்த புனித யோவான் தேவாலயம் கோட்டைப் பட்டாளத்துக்காகக் கட்டப்பட்டது. ஒரு பழைய கட்டடம் எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்பதோடு, எந்த ஆண்டுகளில் யாருக்கு அது மூடியிருந்தது என்பதையும் கேட்டால் அதன் கதை இரட்டிப்பாகத் திறக்கும்.

நாய்க்கும் பெயர் பொறித்த மண்

மணிக்கூண்டுக் கல்லை என்னால் எளிதில் கடந்துபோக முடியாததற்குக் காரணம் வேறொரு கல். பழைய வட ஆற்காடு மாவட்டத்திலேயே, இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில், எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். எருமைகளைக் கவர வந்தவர்களோடு போரிட்டு இறந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு நட்ட கல் அது. அவன் யார், யாருடைய ஆள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அவனோடு ஒரு நாயும் இருந்தது. அந்த நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது. அதன் பெயர் கோவிவன். கல்லில் நாயின் உருவத்தையும் செதுக்கி, பெயரையும் எழுதிவைத்திருக்கிறார்கள்.

சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன், அரசனும் அல்லாத, பெரிய போரும் அல்லாத ஒரு மாடுபிடிச் சண்டைக்கு இந்த மரியாதை. அகநானூற்றின் 131-ஆம் பாட்டு இப்படிப்பட்ட நடுகல்லைப் ‘பெயரும் பீடும் எழுதி’ நட்டதாகச் சொல்கிறது. பெயர் முதலில், பெருமை அப்புறம். தொல்காப்பியம் நடுகல் எடுப்பதை ஆறு படிகளாகவே வகுத்திருக்கிறது: கல்லைத் தேடிக் காண்பது, கொண்டுவருவது, நீராட்டுவது, நடுவது, படையல் இடுவது, வாழ்த்துவது. இறந்தவன் ஊருக்கு உரியவன் என்பதால் ஊர் கூடிச் செய்த வேலை அது. செங்கம் வட்டாரத்தில் மட்டுமே இப்படிப் பெயரோடு நிற்கும் நடுகற்கள் ஏராளம். மணிக்கூண்டுக் கல்லில் இருக்கும் 14 பேரும் இதே மண்ணில் பிறந்தவர்கள்.

பெயர் தராதது வேலூர்க் கல் மட்டும் அல்ல. போரில் இறந்தவர்களுக்கு நினைவு எழுப்ப 1917 மே மாதம் ஓர் ஆணையம் அமைந்தது. இன்றைய காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் அதுதான். பதவி, இனம், சமயம் எதையும் பார்க்காமல் இறந்த ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நினைவுகூர்வோம் என்பது அதன் அடிப்படைக் கொள்கை. பிரான்சின் நவ் ஷப்பலில் 1927-ல் திறந்த நினைவுச்சின்னத்தில் 4,700-க்கு மேற்பட்ட இந்தியர்களின் பெயர்களைப் பொறித்தார்கள். ஆனால் அதிகம் பேர் இறந்த மெசபடோமியாவுக்காக 1929-ல் திறந்த பஸ்ரா நினைவுச்சின்னத்தில் அந்தக் கொள்கையைக் கைவிட்டார்கள். அங்கே 40,500-க்கு மேற்பட்டோர் நினைவுகூரப்படுகிறார்கள். பிரிட்டிஷ்காரர்கள் எல்லோருக்கும் பெயர் உண்டு. இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். சாதாரணச் சிப்பாய்கள் படைப்பிரிவின் கீழே ஓர் எண்ணிக்கையாகச் சேர்க்கப்பட்டார்கள். லாங் பஜாரில் உள்ள அதே முறைதான் பஸ்ராவிலும்.

இதை அந்த ஆணையமே 2021-ல் ஓர் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் 45 ஆயிரம் முதல் 54 ஆயிரம் பேர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள் என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவே இல்லை என்றும் அது சொன்னது. ஐரோப்பாவில் இறந்தவனுக்குப் பெயர், ஆசியாவில் இறந்தவனுக்கு எண் என்று பிரித்ததில் எந்த நியாயமும் இல்லை. அந்தச் சிப்பாய்களின் வீட்டார் பஸ்ராவுக்குப் போய்ப் படிக்கப் போவதில்லை என்பதை வைத்து அப்படி முடிவு செய்திருந்தால், அது இன்னும் பெரிய அநீதி.

பெயர்களைத் தேடும் வழி

சரி, அந்த 14 பேரையும் கண்டுபிடிக்க முடியுமா? முயன்று பார்க்க வழி இருக்கிறது. பஸ்ரா கல்லில் இல்லாத பெயர்கள் அதன் பதிவேட்டில் இருக்கின்றன. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் அந்தப் பதிவுகளைக் காசில்லாமல் தேடலாம். இந்தியச் சிப்பாய்களின் பதிவுகள் பலவற்றில் ‘கூடுதல் தகவல்’ என்ற இடத்தில் தந்தை பெயர், ஊர், வட்டம், மாவட்டம் எல்லாம் இருக்கும். ஆகவே ஆளின் பெயர் தெரியாமலேயே ஊரை வைத்துத் தேடலாம். நம் வேலைக்கு இதுதான் திறவுகோல்.

தேடும்போது இன்றைய வரைபடத்தை மறந்துவிட வேண்டும். வேலூர் மாவட்டம் என்று ஒன்று அன்று இல்லை. வட ஆற்காடு என்றுதான் தேட வேண்டும். 1911 வரை அதன் தலைநகரம் சித்தூர் என்பதால், அதற்கு முன் படையில் சேர்ந்தவரின் ஊர் விவரம் சித்தூரை ஒட்டியும் வரலாம். குடியாத்தம், ஆற்காடு, வாலாஜாபேட்டை என்று வட்டப் பெயர்களையும் தனித்தனியே போட்டுப் பார்க்க வேண்டும். பழைய வட ஆற்காட்டின் வட்டங்கள் இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பல மாவட்டங்களில் சிதறிவிட்டன.

அடுத்தது எழுத்துக்கூட்டல். முனுசாமி, கோவிந்தசாமி போன்ற பெயர்களை ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். ஒரே பெயர் நான்கைந்து விதமாக வரும். சாமி என்ற முடிவை மட்டுமே மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். முழுப் பெயரையும் போட்டுத் தேடினால் ஆள் கிடைக்கமாட்டார். பெயரின் முதல் சில எழுத்துகளையும் மாவட்டத்தையும் சேர்த்துப் போட்டு, வருவதை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தால் தமிழ்ப் பெயர் காதில் தானாக எழும். இந்த வேலையில் தமிழ்க் காது உள்ளவருக்கு இருக்கும் வசதி லண்டனில் இருக்கும் எந்த நிபுணருக்கும் கிடையாது.

ஆண்டு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. கல்லில் 1918 என்று இருந்தாலும் தேடலை 1921 ஆகஸ்ட் 31 வரை நீட்ட வேண்டும். ஆணையம் முதல் உலகப்போர்ச் சாவுகளை அந்தத் தேதி வரை கணக்கில் எடுக்கிறது. 1918-ன் இன்ஃபுளூயன்சாவிலும், 1919-ன் ஆப்கன் போரிலும், 1920-ன் இராக் கிளர்ச்சியிலும் இறந்தவர்கள் அதற்குள் வருவார்கள். ஊரில் கணக்கெடுத்தவர் அவர்களைச் சேர்த்தாரா என்பதைப் பெயர்கள் கிடைத்தபின் எண்ணிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். 14-க்குப் பதில் 20 பேர் கிடைத்தால் கல் பொய் என்று ஆகாது; எல்லை வேறு என்று ஆகும்.

எல்லோரும் வெளிநாட்டில் இறக்கவும் இல்லை. இந்திய மண்ணில், ஏதோ ஒரு கண்டோன்மென்ட் (படை முகாம்) மருத்துவமனையில் இறந்தவர்களும் உண்டு. சென்னை நந்தம்பாக்கத்தில் 1952-ல் அமைந்த மதராஸ் போர்க் கல்லறையில் இரண்டாம் உலகப்போரைச் சேர்ந்த 856 கல்லறைகள் இருக்கின்றன. அதன் பின்பகுதியில் முதல் உலகப்போருக்கான நினைவுச்சின்னம் ஒன்றும் உண்டு. நாட்டின் பல மூலைகளில், தொடர்ந்து பராமரிக்க இயலாத கல்லறைகளில் கிடக்கும் ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் பெயர்கள் அதில் இருக்கின்றன. உடல் ஓர் ஊரில், பெயர் வேறு ஊரில். பழைய கண்டோன்மென்ட் கல்லறைத் தோட்டத்தில் தேடிக் கிடைக்காதவர் நந்தம்பாக்கத்தில் கிடைக்கலாம். டெல்லி இந்தியா கேட்டில் உள்ள 13 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெயர்களையும் இதே முறையில் பார்க்க வேண்டும்.

எழும்பூரில் 1909-லிருந்து இருக்கும் ஆவணக் காப்பகம் இன்னொரு வழி. 277 பேரின் பட்டியல் எங்காவது இருக்குமானால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் மாகாண அரசுக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தில்தான் இருக்க வேண்டும். ஆள் சேர்ப்பு, போர் நினைவுக் கற்கள், ஓய்வூதியம் என்ற மூன்று தலைப்புகளையும் 1917 முதல் 1925 வரை பார்ப்பது நல்லது. இது பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால் நடக்காத காரியம் அல்ல. லாகூர் அருங்காட்சியகத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்த பதிவேடுகளிலிருந்து, பஞ்சாபைச் சேர்ந்த சுமார் 3,20,000 சிப்பாய்களின் விவரங்கள் 2021-ல் வெளியே வரத் தொடங்கின. அவையும் ஊர் ஊராக எழுதப்பட்ட கணக்குகள்தான். யார் போனார், யார் இறந்தார், எந்தப் படை என்று எல்லாம் இருந்தன.

இவ்வளவுக்கும் நடுவில் மிக அருகில் உள்ள ஆவணத்தை மறந்துவிடுகிறோம். போர் முடிந்ததும் வெளிநாட்டில் பணியாற்றியவர்களுக்குப் பதக்கங்கள் வந்தன. பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வெள்ளியில் செய்தது; ஏவலர் படையில் இருந்த பலருக்கு அதுவே வெண்கலத்தில் வந்தது. அந்தப் பதக்கத்தின் விளிம்பில், காசின் ஓரத்தைப் பார்ப்பதுபோல் திருப்பிப் பார்த்தால், படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கும் பொறித்திருக்கும். கல் பெயரைத் தரவில்லை, பதக்கம் தந்திருக்கிறது. இறந்தவர்களின் குடும்பத்துக்கு இன்னொன்றும் உண்டு: சுமார் 12 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டமான வெண்கலத் தகடு. பிரிட்டானியா உருவமும் சிங்கமும் இருக்கும். இறந்தவரின் பெயர் பதவி எதுவும் ஒட்டாமல் தனியாக இருக்கும். பிரிட்டிஷ் பேரரசு முழுவதுக்கும் 13 லட்சத்துக்கு மேற்பட்ட தகடுகளை வார்த்தார்கள்.

வெள்ளிப் பதக்கங்கள் பல, கஷ்ட காலத்தில் உருக்கப்பட்டோ அடகுக்குப் போயோ மறைந்திருக்கும். அதற்காக அந்தக் குடும்பங்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. வெண்கலத்துக்கு அவ்வளவு விலை கிடைக்காது என்பதால் அது தப்பியிருக்க வாய்ப்பு அதிகம். வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கத்தில் யார் வீட்டு டிரங்குப் பெட்டியிலாவது அப்படி ஒன்று இருந்தால் அதைப் பளபளப்பாகத் தேய்க்க வேண்டாம், எழுத்து மழுங்கிவிடும். பழம்பொருள் வாங்குபவரிடம் கொடுப்பதற்கு முன் விளிம்பை நல்ல வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் படம் எடுங்கள். அந்தப் படை எண்ணையும் படைப்பிரிவையும் ஆணையத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். தாத்தா சொன்னதாகப் பாட்டி சொன்ன கதைகள் இருந்தால் அவற்றையும் அதே நாளில் ஒரு நோட்டில் எழுதி, யார் சொன்னது என்றும் குறித்துவையுங்கள். பஸ்ரா என்ற ஊரை வீட்டில் ‘பசரா’ என்றுதான் சொல்லி வந்திருப்பார்கள். அதை அப்படியே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.

கிடைக்கும் பெயர்களை எங்கே வைப்பது என்பதில் என் விருப்பம் தெளிவானது. மணிக்கூண்டுக் கல்லை மாற்றக் கூடாது. அது 1920-களின் ஆவணம், அதன் குறையோடு சேர்த்தே அது ஆவணம். அதன் பக்கத்தில் தமிழில் ஒரு புதுக் கல் வர வேண்டும். உறுதியான பெயர்களை மட்டும் அதில் பொறிக்க வேண்டும். அப்பா பெயர், படை, இறந்த இடம் மூன்றும் கூடவே இருக்க வேண்டும். ஏவலர்களையும் சிப்பாய்களையும் பிரிக்காமல் ஒரே வரிசையில் எழுத வேண்டும். முதலில் ஐந்து பெயர்தான் உறுதியாகிறதா, ஐந்தோடு தொடங்கலாம். மீதி ஒன்பதுக்கும் கீழே இடம் விட்டு வைக்கலாம்.